10 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட்: நேர மாறிலி 100 மில்லிநொடி வரவேண்டாமா?

மொட்டைமாடி (வில்லிவாக்கம்):

வணக்கம். எட்டுக் குடும்பங்கள் இருக்கும் அடுக்ககம் எங்களுடையது. சம்ப்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை யார் போடுவது, யார் நிறுத்துவது என்பது இங்கே தீராத வழக்கு. மாமியார் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார். தொட்டி நிரம்பி வழிந்து மூன்றாம் மாடிச் சுவரில் இறங்கும். அதற்கு ஒரு முடிவு கட்ட, தொட்டியின் அடிக்குழாயில் அழுத்த உணரி ஒன்றைப் பொருத்தி, அதை இ.எஸ்.பி. 32 என்ற சிறு கணினிப் பலகையில் படித்துக் கைப்பேசியில் காட்டும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். மென்பொருள் எழுதுவது என் தொழில். மின்னணுவியலைக் கல்லூரி முதலாண்டோடு விட்டுவிட்டேன்.

உணரி 0.5 முதல் 4.5 வோல்ட் வரை தருகிறது. பலகையின் முனைக்கு 3.3 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. ரிச்சி தெருவில் ஒரே அளவில் ஒரு பட்டை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வாங்கியிருந்தேன். உணரியின் வயரில் ஒன்றைத் தொடராக வைத்தேன். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு (0 வோல்ட் பொதுமுனைக்கு) இரண்டைத் தொடராகப் போட்டேன், ஆக 20 கிலோ ஓம். நடுப்புள்ளி பலகைக்குப் போகிறது. 4.5 வோல்ட் அங்கே 3 வோல்ட் ஆகிறது. அதுவரை சரி.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் அளவு தாறுமாறாக ஆடுகிறது. அதை அடக்க, நடுப்புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தேன். இப்போது என் சந்தேகம்.

10 கிலோ ஓம் வழியாகத்தானே கெப்பாசிட்டர் நிரம்புகிறது? ஆகவே நேர மாறிலி (மின்னழுத்த மாற்றத்தில் 63 சதவீதம் முடிய ஆகும் நேரம்) 10,000 × 0.00001 = 0.1 நொடி, அதாவது 100 மில்லிநொடி என்று கணக்கிட்டேன். மேசைமேல் சோதிக்க, உணரிக்குப் பதிலாக மூன்று பென்சில் பேட்டரிகளை அடுக்கி (மீட்டரில் சரியாக 4.5 வோல்ட்), வயரைத் தொட்டுக் கைக்கடக்கமான ஆஸிலோஸ்கோப்பில் (மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) பார்த்தேன். 3 வோல்ட்டில் 63 சதவீதமான 1.9 வோல்ட்டை எட்ட ஆகும் நேரம் 67 மில்லிநொடியை ஒட்டி இருக்கிறது. பேட்டரி வயரைப் பிடுங்கினால் மின்னழுத்தம் இறங்குகிறதே, அதன் நேர மாறிலி 200 மில்லிநொடி! ஒரே கெப்பாசிட்டர், ஒரே ரெசிஸ்டர்கள். 100, 67, 200 என்று மூன்று எண்கள் எப்படி வரும்?

இரண்டாவது கேள்வி மின்னோட்டம் பற்றியது. உணரியின் வெளியீட்டிலிருந்து நான் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறேன்? மீட்டர் 0.15 மில்லிஆம்பியர் காட்டுகிறது. கெப்பாசிட்டர் நிரம்பும் கணத்தில் அதைவிட அதிகமாகப் போகுமா? உணரிக்கு அது கெடுதலா? தொட்டிமேல் ஏறி மறுபடி மாற்றுவது எளிதல்ல. அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்.

சால்டர் புகை:

எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்றால் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். பழைய சரக்காக இருந்தால் அதற்கு மேலும் குறைந்திருக்கலாம். உங்களுடையது 10 என்று அச்சிட்ட 7 மைக்ரோஃபாரட்டாக இருந்தால் 67 மில்லிநொடி வந்துவிடும். கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் வசதி உங்கள் மீட்டரில் இருக்கிறதா?

மொட்டைமாடி:

இருக்கிறது. கழற்றி அளந்தேன்: 10.1 மைக்ரோஃபாரட். ரெசிஸ்டர்களும் ஒரு சதவீதத்துக்குள் இருக்கின்றன. மேலும், கெப்பாசிட்டர் குறைந்திருந்தால் இறங்கும் நேரமும் குறைய வேண்டுமே. அது இரு மடங்காக அல்லவா நீள்கிறது?

பழைய ஆய்வகம்:

அம்மா, நீங்கள் அளந்த இரண்டு எண்களும் சரியானவை. அளந்ததை நம்பி, கணக்கைக் கேள்வி கேட்டீர்கள் பாருங்கள், அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பாலிடெக்னிக் ஆய்வகத்தில் பல்லாண்டு இருந்தவன் நான். கணக்கில் வந்த எண்ணையே ஏட்டில் எழுதிவிட்டுத் திரையைத் திரும்பிப் பாராமல் போகும் பிள்ளைகளைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன்.

நேர மாறிலி என்பது மின்தடையையும் (ரெசிஸ்டர்) மின்தேக்கியின் (கெப்பாசிட்டர்) அளவையும் பெருக்கி வருவது. அதில் தகராறு இல்லை. எந்த மின்தடை என்பதுதான் கேள்வி. பக்கத்தில் இருக்கும் மின்தடையை எடுத்துக்கொள்வது பழக்கம். அது போதாது. மின்தேக்கியைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு கால்களும் இருந்த துளைகளுக்கு இடையே என்ன மின்தடை தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

இதை நீங்கள் காகிதத்தில் செய்ய வேண்டாம், மீட்டரிலேயே செய்யுங்கள். மின்தேக்கியை எடுத்துவிடுங்கள். பேட்டரிகளையும் எடுத்துவிட்டு, பேட்டரி இருந்த இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று சேர்த்து முறுக்குங்கள். நல்ல பேட்டரியின் உள் மின்தடை உங்கள் 10 கிலோ ஓமுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை; ஆகவே மின்னழுத்தத்தை நீக்கிவிட்டால் அது வெறும் கம்பிதான். இப்போது மின்தேக்கி இருந்த துளைகளில் மீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். மீட்டரின் பார்வையில் மேலே உள்ள 10 கிலோ ஓமும் கிரவுண்டுக்குப் போகிறது, கீழே உள்ள 20 கிலோ ஓமும் கிரவுண்டுக்குப் போகிறது. இரண்டும் இணையாக நிற்கின்றன. 10 × 20 ÷ 30 = 6.67 கிலோ ஓம். 10.1 மைக்ரோஃபாரட்டோடு பெருக்குங்கள்: 67.3 மில்லிநொடி. உங்கள் திரை சொன்னது அதைத்தான்.

அடுத்து, முறுக்கிய வயர்களைப் பிரித்துவிடுங்கள். அது நீங்கள் வயரைப் பிடுங்கிய நிலை. மேலே உள்ள 10 கிலோ ஓம் எங்கும் போய்ச் சேராமல் தொங்குகிறது. மீட்டர் 20 கிலோ ஓம் மட்டும் காட்டும். அதை 10.1 மைக்ரோஃபாரட்டால் பெருக்கினால் 202 மில்லிநொடி.

ஆக, சுற்றின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நேர மாறிலி உண்டு. சுவிட்ச் மூடியிருக்கும்போது ஒன்று, திறந்திருக்கும்போது வேறொன்று. உங்கள் உண்மையான உணரி இணைந்தே இருக்கும்; தண்ணீர் இறங்கும்போது அதன் வெளியீடு தானே இறங்குமே தவிர, வயர் பிடுங்கப்படாது. ஆகவே ஏறினாலும் இறங்கினாலும் 67தான். 200 என்பது வயர் அறுந்தால் மட்டும். இந்த வழிக்கு அடிப்படை தெவனின் (Thévenin) தேற்றம்: மின்தடைகளும் பேட்டரிகளும் சேர்ந்த சுற்று, இரண்டு முனைகளிலிருந்து பார்த்தால் ஒரு மின்னழுத்தமும் ஒரு மின்தடையும் போலவே நடக்கும். பிரெஞ்சு தந்திப் பொறியாளரான தெவனின் அதை 1883இல் வெளியிட்டார். ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853இலேயே இதைச் சொல்லியிருந்தார். மீட்டர் முனையை வைத்து நீங்கள் காண்பது அந்தத் தேற்றத்தையே.

இனி மின்னோட்டம். இதற்கு ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: மின்தேக்கியின் மின்னழுத்தம் ஒரே கணத்தில் தாவாது. தொடக்கத்தில் அது 0 என்றால், வயர் தொட்ட அந்தக் கணத்திலும் 0தான். நடுப்புள்ளி கிரவுண்டில் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. கீழே உள்ள 20 கிலோ ஓமின் இரு முனைகளிலும் 0 இருப்பதால் அதில் மின்னோட்டமே இல்லை. 4.5 வோல்ட் முழுவதும் மேலே உள்ள 10 கிலோ ஓமின் குறுக்கே விழுகிறது. 4.5 ÷ 10,000 = 0.45 மில்லிஆம்பியர். அத்தனையும் மின்தேக்கிக்குள் போகிறது.

கடைசியில் மின்தேக்கி நிரம்பியபின் அதில் மின்னோட்டம் இல்லை, அதை மறந்துவிடலாம். 4.5 ÷ 30,000 = 0.15 மில்லிஆம்பியர். உங்கள் மீட்டர் காட்டுவது இது. சாதாரண மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும், 0.45 வந்து போனது அதற்குத் தெரியாது.

இரண்டு முனைகளும் கிடைத்துவிட்டால் நடுவில் உள்ளதெல்லாம் ஒரே வளைவு. உணரியிலிருந்து வரும் மின்னோட்டம் 0.45இல் தொடங்கி 0.15 நோக்கி இறங்குகிறது, இடைவெளி 0.30. ஒரு நேர மாறிலி கழிந்தால் அந்த இடைவெளியில் 36.8 சதவீதம் மிஞ்சும்: 0.15 + 0.11 = 0.26 மில்லிஆம்பியர். சரிபார்க்கலாம். அப்போது நடுப்புள்ளி 1.896 வோல்ட். மேலே உள்ள மின்தடையில் (4.5 − 1.896) ÷ 10,000 = 0.26. ஒத்துப்போகிறது. கீழே உள்ள மின்தடையில் 0.095 ஓடுகிறது, மீதி 0.165 மின்தேக்கிக்குப் போகிறது. ஐந்து நேர மாறிலி, அதாவது சுமார் 335 மில்லிநொடி கழிந்தால், 99.3 சதவீதம் முடிந்துவிடும்.

வயரைப் பிடுங்கிய கணத்தில் என்ன நடக்கிறது என்பது அழகான இடம். மின்தேக்கியில் 3 வோல்ட் இருக்கிறது. 20 கிலோ ஓமில் 0.15 மில்லிஆம்பியர் துளியும் மாறாமல் தொடர்கிறது. முன்பு அதைப் பேட்டரி தந்தது. இப்போது மின்தேக்கி தருகிறது. மின்தேக்கியில் மட்டும் திசை மாறிவிட்டது.

உச்சமே 0.45 மில்லிஆம்பியர்தான் என்பதால் பொதுவாக உணரிக்குக் கவலை இல்லை. என்றாலும் அதன் தரவுத்தாளில் வெளியீட்டு மின்னோட்ட வரம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: 10 கிலோ ஓமுக்கு முன்னால், உணரியின் வெளியீட்டிலேயே நேராக மின்தேக்கியை வைக்காதீர்கள். அங்கே மின்தேக்கி காணும் மின்தடை உணரியின் சிறிய உள் மின்தடை மட்டுமே. வடிகட்டலும் நடக்காது, தொடக்க மின்னோட்டத்துக்குக் கட்டுப்பாடும் இருக்காது.

மொட்டைமாடி:

ஐயா, மிக்க நன்றி. மீட்டரை வைத்துப் பார்த்தேன். வயர்களை முறுக்கியபோது 6.66, பிரித்தபோது 19.98. அந்த 6.66ஐ மீட்டரில் கண்டதும் எல்லாம் தெளிவாகிவிட்டது. பிறகு என் மகளுக்குக் காட்ட, 10 மைக்ரோஃபாரட்டை எடுத்துவிட்டு 1000 மைக்ரோஃபாரட் வைத்தேன். இப்போது ஆஸிலோஸ்கோப்பே தேவையில்லை. அவள் கைப்பேசியில் நொடிகளைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மீட்டரில் வோல்ட்டைப் படித்தேன். ஏறத்தாழ ஏழாம் நொடியில் 1.9ஐத் தாண்டியது. வயரைப் பிடுங்கினால் இறங்குவதற்கு இருபது நொடி.

இப்போது அடுத்த கேள்வி. மோட்டார் ஓடும்போது உணரி வயரில் 50 ஹெர்ட்ஸ் ஆட்டம் 300 மில்லிவோல்ட் அளவுக்கு இருக்கிறது. இந்த வடிகட்டிக்குப் பின் அதில் எவ்வளவு மிஞ்ச வேண்டும்?

அம்பத்தூர் எஸ்டேட்:

கணக்கை ஐயா சொல்வார். நான் தொழிற்சாலைகளில் கட்டுப்பாட்டுப் பலகம் அமைப்பவன். வயரைப் பற்றிச் சொல்கிறேன், சகோதரி. உணரி வயரும் மோட்டார் வயரும் ஒரே பைப்பில் மாடியிலிருந்து இறங்குகின்றனவா? பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் இழுத்திருப்பார்கள். முதலில் அதைப் பிரியுங்கள். உணரிக்கு உறையிட்ட வயர் (உலோக வலை சுற்றிய ஷீல்டட் வயர்) போடுங்கள். உறையைப் பலகை இருக்கும் பக்கம் மட்டும் கிரவுண்டில் சேருங்கள், தொட்டிப் பக்கம் வெட்டிவிட்டு டேப் சுற்றுங்கள். வடிகட்டியைத் தொட்டி அருகில் வைக்க வேண்டாம். பலகையின் முனைக்கு ஓர் அங்குலத்துக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் வடிகட்டிய பிறகு மீண்டும் அத்தனை மீட்டர் வயரும் இரைச்சலை வாங்கிக்கொண்டு வரும்.

இன்னொன்று. இ.எஸ்.பி. 32இன் அளக்கும் பகுதி 3.3 வரை நேர்கோடாக இருக்காது. உயர்ந்தபட்சத் தணிப்பு நிலையில் (வரும் மின்னழுத்தத்தைப் பலகை உள்ளே மிக அதிகமாகக் குறைத்து அளக்கும் அமைப்பில்) 150 முதல் 2450 மில்லிவோல்ட் வரைதான் தயாரிப்பாளரே பரிந்துரைக்கிறார். உங்கள் 3 வோல்ட் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. தொட்டி நிரம்பும் நேரத்தில்தான் உங்களுக்குத் துல்லியம் வேண்டும். அங்கேயே அளவு வளைந்தால் என்ன பயன்? கீழே உள்ள இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். மேலே 10, கீழே 10. அப்போது 0.25 முதல் 2.25 வோல்ட் வரை வரும். எல்லைக்குள் அழகாக உட்காரும்.

பழைய ஆய்வகம்:

எஸ்டேட் நண்பர் சொன்ன இரண்டையும் அப்படியே செய்யுங்கள். கீழே 10 கிலோ ஓம் ஆனால் மின்தேக்கி காணும் மின்தடை 5 கிலோ ஓம். நேர மாறிலி 50 மில்லிநொடி. தொடக்க மின்னோட்டம் அதே 0.45 மில்லிஆம்பியர், ஏனென்றால் அந்தக் கணத்தில் கீழே உள்ளது கணக்கிலேயே வராது. நிலைத்த மின்னோட்டம் மட்டும் 4.5 ÷ 20,000 = 0.225 ஆகும்.

நேர மாறிலி குறைந்துவிட்டதே, வடிகட்டல் கெட்டுவிடுமோ என்று அஞ்சுவீர்கள். பார்ப்போம். வெட்டு அதிர்வெண் (அதற்கு மேலுள்ள ஆட்டங்களை வடிகட்டி குறைக்கும் எல்லை) என்பது 1 ÷ (2 × 3.1416 × நேர மாறிலி). பழைய சுற்றில் (10 மைக்ரோஃபாரட் என்றே வைத்துக்கொண்டால்) 2.39 ஹெர்ட்ஸ், புதியதில் 3.18 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் பழையதில் சுமார் 21இல் ஒரு பங்காகவும், புதியதில் 16இல் ஒரு பங்காகவும் குறையும். ஆனால் பழைய சுற்று 300 மில்லிவோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கை விடுகிறது, புதியது பாதியைத்தான் விடுகிறது. 200 ÷ 20.9 = 9.5, 150 ÷ 15.7 = 9.5. இரண்டிலும் மிஞ்சுவது ஒன்றே!

இது தற்செயல் அல்ல. 50 ஹெர்ட்ஸில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் எதிர்ப்பு சுமார் 318 ஓம். அதற்குப் பக்கத்தில் நிற்கும் 10 அல்லது 20 கிலோ ஓமை அந்த ஆட்டம் பொருட்படுத்தாது. 300 மில்லிவோல்ட் ஆட்டம் மேலே உள்ள 10 கிலோ ஓம் வழியாக 0.03 மில்லிஆம்பியரைத் தள்ளுகிறது. அது 318 ஓமில் விழுந்தால் 9.5 மில்லிவோல்ட். அவ்வளவுதான் கணக்கு. ஆக, 50 ஹெர்ட்ஸைக் குறைக்க வேண்டுமானால் மேலே உள்ள மின்தடையைக் கூட்டுங்கள் அல்லது மின்தேக்கியைக் கூட்டுங்கள்.

உங்கள் தொட்டி நொடியில் நிரம்பப் போவதில்லை. தயங்காமல் 47 மைக்ரோஃபாரட் போடலாம்.

சால்டர் புகை:

அதற்குப் பதிலாக 10 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் என்று இன்னொரு கட்டத்தைப் பின்னால் சேர்த்தால் என்ன? இரண்டு கட்டம் என்றால் 50 ஹெர்ட்ஸ் இன்னும் வேகமாகச் செத்துவிடுமே.

பழைய ஆய்வகம்:

சாகும், உண்மைதான். ஆனால் நேர மாறிலியை இரண்டு தனிக் கட்டங்களாக எண்ணிக் கணக்கிடாதீர்கள். பின்னால் வரும் கட்டம் முன்னதிலிருந்து மின்னோட்டத்தை இழுக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு கட்டங்களை, கீழ் மின்தடை ஏதுமின்றி, நேராகச் சேர்த்தால் கிடைக்கும் நேர மாறிலிகள் தனிக் கட்டத்தைப் போல் 2.618 மடங்கும் 0.382 மடங்கும். 100 மில்லிநொடிக் கட்டங்கள் இரண்டு சேர்ந்தால் 262 மில்லிநொடி ஒன்று, 38 மில்லிநொடி ஒன்று. மெதுவானதுதான் பார்வைக்குத் தெரியும். பின்கட்டத்தின் மின்தடையைப் பத்து மடங்காக்கி, மின்தேக்கியைப் பத்தில் ஒரு பங்காக்கினால் இந்த இழுப்பு பெரிதும் குறையும். ஆனால் அப்போது பலகையின் முனைக்கு 100 கிலோ ஓம் வழியாக மின்னழுத்தம் வரும். முனையில் கசியும் சிறு மின்னோட்டமும் அளவைப் பிசகவைக்கத் தொடங்கும். இந்த வேலைக்கு ஒரு கட்டம் போதும்.

மொட்டைமாடி:

மேலே 10, கீழே 10, 47 மைக்ரோஃபாரட் என்று முடிவு செய்துவிட்டேன். நானே கணக்கிட்டுப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள். நேர மாறிலி 5,000 × 0.000047 = 235 மில்லிநொடி. 50 ஹெர்ட்ஸில் எதிர்ப்பு சுமார் 68 ஓம். மிஞ்சும் ஆட்டம் 2 மில்லிவோல்ட். தொடக்க மின்னோட்டம் அதே 0.45.

உணரி வயர் அறுந்தால் கண்டுபிடிக்கவும் ஒரு வழி தோன்றுகிறது. உணரியின் மிகக் குறைந்த அளவே 0.5 வோல்ட், நடுப்புள்ளியில் 0.25. அதற்குக் கீழே போனால் வயரில் கோளாறு. எத்தனை நேரத்தில் அது தெரியும்?

பழைய ஆய்வகம்:

எல்லாம் சரி. மீதியையும் நீங்களே தொட்டுவிட்டீர்கள். வயர் அறுந்தால் மின்தேக்கி காண்பது கீழே உள்ள 10 கிலோ ஓம் மட்டும். நேர மாறிலி 470 மில்லிநொடி. தொட்டி நிரம்பியிருக்கும்போது அறுந்ததாக வைத்துக்கொள்வோம். 2.25 வோல்ட்டிலிருந்து 0.2 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும், ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு. அதற்கு 2.4 நேர மாறிலி ஆகும், சுமார் 1.14 நொடி. எலெக்ட்ரோலிட்டிக் 20 சதவீதம் கூடுதலாக இருந்தாலும் ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடும். எனவே, அளவு 0.2 வோல்ட்டுக்குக் கீழே 2 நொடி நிலைத்தால் வயர் அறுந்தது என்று எடுத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். மிஞ்சும் 2 மில்லிவோல்ட் ஆட்டத்துக்கு மென்பொருளில் 20 மில்லிநொடி முழுவதும் சீராக அளவெடுத்துச் சராசரி காணுங்கள். 50 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுற்று அது, கூட்டினால் தானே அடிபட்டுப் போகும். 47 மைக்ரோஃபாரட்டின் மைனஸ் கோடு உள்ள கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். 16 வோல்ட் தாங்குவது போதும்.